டிரிட்டிரி மட்டாங்கித் தீவின் மீட்பு வரலாறு: காடு வளர்ப்பில் தன்னார்வலர் பங்கு

முன்னுரை

நிலம் ஒன்றன் இயல்பை அங்குள்ள மரம், புள், விலங்கு, அங்கு வாழ்வோர் செய்யும் தொழில் ஆகியவற்றைக் கொண்டு வகுத்துக் காட்டுவது தமிழ்த் திணை மரபு. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களுள் மாவும் மரமும் புள்ளும் செய்தியும் ஒருங்கே இடம்பெறுகின்றன. செய்தி என்பது தொழில். மனித உழைப்பை நிலத்துக்குப் புறம்பான ஒன்றாக அம்மரபு கருதவில்லை என்பது இதனால் பெறப்படும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் குடியேற்ற நாடுகளில் உருவான இயற்கைப் பாதுகாப்புச் சிந்தனையோ, மனிதர் நீங்கிய நிலமே தூய நிலம் என்னும் எண்ணத்தின்மேல் பெரிதும் எழுந்தது. அவ்வெண்ணம் எங்குப் பயன் தந்தது, எங்குத் தவறியது, பின்னர் எவ்வாறு மாறியது என்பவற்றை நியூசிலாந்தின் ஒரு சிறு தீவை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிரிட்டிரி மட்டாங்கி என்பது அத்தீவின் பெயர். ஆக்லாந்து நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், ஹௌராக்கி வளைகுடாவில் அது அமைந்துள்ளது. பரப்பு 220 எக்டேர். அதன் பெயர், காற்றால் அலைக்கப்படுவது என்னும் பொருள் தரும் மாவோரி மொழித் தொடர் என்பர். 1970களின் தொடக்கத்தில் அத்தீவின் பழைய காட்டில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 6 விழுக்காடே. இன்று அதன் பெரும்பகுதி காடாக உள்ளது. இம்மாற்றத்தை ஏற்படுத்தியவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத பொதுமக்கள். அவர்கள் ஏன் தேவைப்பட்டனர், அவர்களுடைய உழைப்பு எந்த அடிப்படையின்மேல் நின்றது, அது முடிவுற்றதா என்னும் மூன்று வினாக்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தீவும் அதன் பழைய மக்களும்

டிரிட்டிரி ஆளில்லாத் தீவாக இருந்து பின்னர் அழிக்கப்பட்டது என்று கருதுவது பொருந்தாது. கவெராவ், ஙாட்டி பாவோவா ஆகிய மாவோரிக் குடியினர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுடைய அரண் சூழ்ந்த குடியிருப்புகளின் தடயங்கள் இன்றும் காணப்படுகின்றன. பயிர்த்தொழிலுக்காகக் காட்டின் ஒரு பகுதி அக்காலத்திலேயே எரித்துத் திருத்தப்பட்டிருந்தது. 1841இல் நடைபெற்ற மஹுராங்கி நில விற்பனையில் இத்தீவும் அடங்கியது என்று ஆங்கிலேய அரசு கொண்டது. கவெராவ் மக்கள் எழுப்பிய உரிமைக் கோரிக்கை 1867இல் நிலநீதிமன்றத்தில் அரசுக்குச் சார்பாக முடிந்தது.

கலங்கரை விளக்கம் அதற்கு முன்பே தீவுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புத் துண்டுகளைக் கொணர்ந்து 1864இல் கட்டியெழுப்பிய அவ்விளக்கம், 1865ஆம் ஆண்டின் முதல் நாளில் ஏற்றப்பட்டது. தீவின் பெரும்பகுதி மேய்ச்சலுக்காகக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆடுமாடுகளுக்குப் புல் வேண்டிக் காடு தொடர்ந்து எரிக்கப்பட்டது. பள்ளத்தாக்குகளின் ஆழத்திலும் செங்குத்தான கரைச்சரிவுகளிலும் மட்டுமே பழைய மரங்கள் தப்பின. ஆக்லாந்துப் பகுதியின் பெருநிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன மணிப்பறவை, இச்சிறு தோப்புகளில் அழியாது நிலைத்தது. பின்னாளைய மீட்புப் பணிக்கு இவ்வெச்சமே வித்தாக அமைந்தது எனலாம்.

மூடிய காப்பகங்களின் மரபு

டிரிட்டிரியில் நிகழ்ந்ததன் புதுமையை உணர, அதற்கு முந்தைய மரபை அறிதல் வேண்டும். நியூசிலாந்தின் தரைவாழ் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. எனவே அந்நாட்டுப் பறவைகள் பல, தரையில் இரை தேடவும் தாழ்வான இடங்களில் கூடு கட்டவும் பழகின. சில பறக்கும் ஆற்றலை இழந்தன. மாவோரியருடன் கியோரே எனப்படும் பசிபிக் எலி வந்தது. ஐரோப்பியரின் கப்பல்களில் வேறு எலியினங்கள் வந்தன. முயல்களைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1880களில் கீரியை ஒத்த ஸ்டோட் என்னும் ஊனுண்ணி கொண்டுவரப்பட்டது. பெருநிலத்தில் பறவைகள் விரைந்து அழிந்தன. தீவுகளே புகலிடம் என்னும் கருத்து இச்சூழலில் உருவாயிற்று.

ரெசல்யூஷன் தீவு 1891இல் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. 1894இல் அதன் காவலராக அமர்த்தப்பட்ட ரிச்சர்ட் ஹென்றி, பறக்க இயலாத காக்காப்போ கிளிகளையும் கிவிகளையும் நூற்றுக்கணக்கில் பிடித்துப் படகில் கொண்டுசென்று அங்கு விட்டார். 1900 அளவில் ஸ்டோட் கடலை நீந்திக் கடந்து அத்தீவை அடைந்தது. ஒருவர் தனித்து நின்று பல ஆண்டுகள் செய்த பணி பயனற்றுப் போயிற்று.

ஹவுட்டூரு எனப்படும் லிட்டில் பாரியர் தீவின் வரலாறு வேறு வகையானது. பறவைக் காப்பகம் அமைப்பதற்காக அத்தீவை அரசு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனதாக்கிக்கொண்டது. அங்கு வாழ்ந்த மாவோரி மக்கள் 1896இல் வலிந்து வெளியேற்றப்பட்டனர். பெருநிலத்தில் முற்றிலும் மறைந்துபோன ஹிஹி என்னும் தேனுண்ணும் பறவை அத்தீவில் மட்டுமே எஞ்சியது என்பதால், அக்காப்பகம் பயனற்றது என்று யாரும் கூற இயலாது. ஆயினும் பறவைக்குத் தரப்பட்ட புகலிடம் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட இடமாக இருந்தது என்பதையும் வரலாறு மறைக்கலாகாது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அத்தீவு ஙாட்டி மனுஹிரி குடியினருக்கு முறைப்படி திருப்பியளிக்கப்பட்டு, அவர்களால் நாட்டு மக்களுக்கு மீண்டும் வழங்கப்பட்டது.

1964இல் நாட்டின் தென்கோடியிலுள்ள பிக் சவுத் கேப் தீவில் கப்பல் எலிகள் பெருகியிருப்பது வெளிப்பட்டது. புதர்க் குருவி ஒன்றும் உள்ளான் இனம் ஒன்றும் வௌவால் இனம் ஒன்றும் உலகிலிருந்தே மறைய அந்நிகழ்வு காரணமாயிற்று. தென்தீவுச் சேணமுதுகுப் பறவைகளுள் 36 மட்டும் பிடிக்கப்பட்டு வேறு தீவுகளுக்கு மாற்றப்பட்டமையால் அவ்வினம் பிழைத்தது. இதே காலத்தில் ஹௌராக்கி வளைகுடாவிலுள்ள மரியா என்னும் சின்னஞ்சிறு தீவில் நச்சுணவு வைத்து எலிகள் ஒழிக்கப்பட்டமை 1964இல் உறுதிப்பட்டது. அப்பணியில் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பங்கேற்றனர். ஒரு தீவிலிருந்து எலியை அறவே நீக்க முடியும் என்பதை அம்முயற்சி காட்டியது. இருப்பினும் காப்பகத் தீவுகளில் பொதுமக்கள் கால் வைத்தலாகாது என்பதே தொடர்ந்து கொள்கையாக இருந்தது.

மேய்ச்சல் நின்ற பின்

1970களின் தொடக்கத்தில் டிரிட்டிரியின் குத்தகை முடிவுக்கு வந்தது. தீவு ஹௌராக்கி வளைகுடாக் கடல்சார் பூங்காவின் பொறுப்பில் சேர்ந்தது. கால்நடைகள் அகற்றப்பட்டன. மேய்ச்சல் நின்றால் காடு தானே திரும்பும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு.

அவ்வாறு நிகழவில்லை. மேயாத புல் அடர்ந்து உயர்ந்தது. பிராக்கன் என்னும் பெரணி சரிவுகளை மூடியது. மரவிதைகள் மண்ணைத் தொட இயலவில்லை. தொட்ட விதைகளுள்ளும் பலவற்றைக் கியோரே எலிகள் தின்றன. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்சல் ஆகிய அறிவியலாளர்கள் இந்நிலையை ஆராய்ந்தனர். தீவை அதன் போக்கில் விட்டால் காடு மீள மிக நெடுங்காலம் ஆகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நிலத்தை அழிப்பதற்கு மனிதர் வேண்டியிருந்தது போலவே, அதனை மீட்பதற்கும் மனிதர் வேண்டியிருந்தனர் என்பது இதனால் புலனாகும்.

அவர்கள் முன்வைத்த கருத்து இருபகுதிகளைக் கொண்டது. ஒன்று, மரங்களை நட்டுக் காட்டை உருவாக்குதல். மற்றொன்று, அப்பணியைப் பொதுமக்களைக் கொண்டே செய்வித்து, அரிய பறவைகள் வாழும் இடத்தை அவர்கள் வந்து காணுமாறு திறந்து வைத்தல். இரண்டாவது பகுதியே மரபை மீறியது. மூடிய காப்பகத்துக்கு மாற்றாகத் 'திறந்த காப்பகம்' என்னும் கருத்து இவ்வாறு நடைமுறைக்கு வந்தது.

நடுகைப் பத்தாண்டு

1983இல் தீவிலேயே நாற்றங்கால் அமைக்கப்பட்டது. விதைகள் தீவில் எஞ்சியிருந்த மரங்களிலிருந்தே திரட்டப்பட்டன. 1984இல் கலங்கரை விளக்கம் தானியங்கியாக மாற்றப்பட்டபோது, அதன் கடைசிக் காவலரான ரே வால்டர் தீவை விட்டுச் செல்லாமல் நாற்றங்கால் பணியை ஏற்றார். அவரும் அவர் துணைவியார் பார்பரா வால்டரும் 2006 வரை அங்குத் தங்கித் தீவைப் பேணினர். கப்பல்களுக்கு வழிகாட்டிய பணி ஓய்ந்த ஆண்டிலேயே காடு வளர்க்கும் பணி தொடங்கியமை தற்செயலே. ஆயினும் தீவை நன்கறிந்த ஒருவர் அங்கு நிலையாக இருந்தமை அடுத்த பத்தாண்டின் வெற்றிக்கு ஒரு முதன்மைக் காரணமாயிற்று.

1984 முதல் 1994 வரை நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கை இரண்டரை இலக்கத்துக்கும் மூன்று இலக்கத்துக்கும் இடைப்பட்டது. பள்ளி மாணவர்கள், சங்கங்களைச் சேர்ந்தோர், குடும்பத்தினர், ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பட்டோர் படகேறி வந்து நட்டனர். செந்நிறப் பூக்கள் பூக்கும் போஹுட்டுகாவா மரம் பெருமளவில் நடப்பட்டது. வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி வளர்ந்து அது நிழல் தரும். அந்நிழலில் கோஹெகோஹெ, டராய்ரே முதலிய நிழல்விரும்பும் மரங்கள் பின்னர் வளரும் என்பது திட்டம்.

தீவு முழுவதும் நடப்படவில்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. ஏறத்தாழ 60 விழுக்காட்டு நிலம் காட்டுக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது. எஞ்சியது திறந்த வெளியாக விடப்பட்டது. பழங்குடியிருப்புகளின் தொல்லியல் தடயங்களை மரவேர்கள் சிதைக்காதிருக்கவும், புல்வெளிகளை நாடும் பறவைகள் வாழவும், காண வருவோருக்குக் கடலும் தீவுகளும் தோன்றவும் அவ்வெளி பயன்பட்டது. மனிதர் வருவதற்கு முந்தைய தீவை அப்படியே மீட்பது திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. மாவோரியர் வாழ்ந்த தடமும், கலங்கரை விளக்கமும், புதிய காடும் ஒரே நிலத்தில் அருகருகே இடம்பெற்றன.

1988இல் டிரிட்டிரி மட்டாங்கி ஆதரவாளர் சங்கம் தோன்றியது. நடுகை முடிந்ததும் கலைந்திருக்கக்கூடிய கூட்டம் ஒன்று நிலையான அமைப்பாக மாறியது இதனால்தான். நாற்று நட்டவர்களே பின்னர் பாதை அமைத்தனர், பார்வையாளர்களுக்கு வழிகாட்டினர், பறவைகளைக் கணக்கெடுத்தனர். 1987இல் உருவான நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் இச்சங்கமும் இணைந்து தீவைப் பேணி வருகின்றன.

பறவைகளின் வருகை

காடு வளர்ந்து முடியும்வரை பறவைகள் காத்திருக்கவில்லை. செம்முடிக் காக்காரிக்கிக் கிளிகள் 1974இலேயே தீவில் விடப்பட்டன. 1984இல் வடதீவுச் சேணமுதுகுப் பறவைகள் 24 குவியர் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டன. மாவோரியர் டியெக்கே என அழைக்கும் இப்பறவையின் முதுகில் செம்பழுப்பு நிறச் சேணம் போன்ற அடையாளம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினம் ஹென் என்னும் ஒரே தீவில் ஒடுங்கியிருந்தது. 1960களில் வேறு தீவுகளில் குடியேற்றப்பட்ட இப்பறவைகளின் வழித்தோன்றல்களே டிரிட்டிரியை அடைந்தன.

1991இல் டாகாஹே வந்தது. நம் நீர்நிலைகளில் காணும் நீலத் தாழைக்கோழியின் உறவினமான இது, பறக்க இயலாத பெரும்பறவை. அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1948இல் தென்தீவின் மலைப்பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1993இல் சிறுபுள்ளிக் கிவியும், 1995இல் ஹிஹியும், 1997இல் கோக்காக்கோவும் கொண்டுவரப்பட்டன. 2003இல் டுவாட்டாரா என்னும் தொன்மையான ஊர்வன விடப்பட்டது. 2011 முதல் வேட்டாபுங்கா என்னும் பேருருப் பூச்சியும் விடப்பட்டது. தொலைதூரத் தீவுகளில் ஆய்வாளர் சிலர் மட்டுமே கண்டிருந்த உயிரினங்களை, ஆக்லாந்திலிருந்து ஒரு நாள் பயணமாக வரும் பள்ளிச் சிறுவரும் காணும் நிலை உருவாயிற்று.

கியோரே குறித்த முடிவு

1993இல் வானிலிருந்து நச்சுணவு தூவிக் கியோரே எலிகள் ஒழிக்கப்பட்டன. விதைகள் பிழைத்தன, நாற்றுகள் தாமாகவே முளைத்தன, பூச்சிகளும் பல்லிகளும் பெருகின. ஆயினும் இச்செயல் இரண்டு இடர்ப்பாடுகளைக் கொண்டிருந்தது. முதலாவது, நச்சுணவைத் தின்று பூகெக்கோ என்னும் தாழைக்கோழிகளும் பெருமளவில் மடிந்தன. இரண்டாவது, கியோரே வெறும் தீங்குயிரி அன்று. மாவோரி முன்னோர் தம் படகுகளில் உடன்கொணர்ந்தது அது. அவர்களுக்கு உணவாகவும் இருந்தது. நூற்றாண்டுகளாக அந்நாட்டில் வாழ்ந்துவரும் ஓர் உயிரை அயலது எனக் கொள்வதா, மரபின் பகுதி எனக் கொள்வதா என்னும் வினாவுக்கு அறிவியல் மட்டும் விடை தர இயலாது. நியூசிலாந்தில் வேறு சில தீவுகளிலும் இவ்வினா எழுந்தது. எந்தக் காலத்தின் இயற்கையை மீட்க விழைகிறோம் என்பதை வகுப்பது ஒரு வரலாற்று முடிவு. அம்முடிவுக்கு விலையும் உண்டு என்பதை டிரிட்டிரி காட்டுகின்றது.

முடிவுறாத பணி

நட்ட காடு தானே நிறைவடையவில்லை. நெருக்கமாக நடப்பட்ட போஹுட்டுகாவா மரங்களின் கவிகை அடர்ந்து, கீழே பிற செடிகள் வளரத் தடையாயிற்று. எனவே தன்னார்வலர் நட்ட மரங்களுள் சிலவற்றைப் பின்னாளில் வெட்டி இடைவெளி உண்டாக்க நேர்ந்தது. ஹிஹி பறவைக்குக் கூடு கட்ட முதிய மரங்களின் பொந்துகள் வேண்டும். நாற்பது ஆண்டுக் காட்டில் அத்தகைய பொந்துகள் அரிது. ஆகவே கூட்டுப்பெட்டிகள் மரங்களில் பொருத்தப்பட்டுள்ளன. சர்க்கரை நீர் வைக்கப்படுகிறது. இப்பணி நின்றுபோயின் அவ்வினம் அங்கு நிலைபெறுவது ஐயத்திற்குரியது.

2000ஆம் ஆண்டில் அர்ஜென்டின எறும்பு தீவில் காணப்பட்டது. அதனை ஒழிக்கப் பல ஆண்டுகள் தொடர்ந்து முயல வேண்டியதாயிற்று. ஒரே ஓர் எலி, பையின் மடிப்பில் ஒட்டிய ஒரு களைவிதை, காலணியிலுள்ள சேறு ஆகியவை பல்லாண்டு உழைப்பைப் பாழாக்க வல்லவை. வருவோர் அனைவரும் பையையும் காலணியையும் சரிபார்த்த பின்னரே தீவில் இறங்க வேண்டும் என்னும் விதி இதன் விளைவு. திறந்த காப்பகத்துக்குப் பொதுமக்கள் காவலும் ஆவர், இடரும் ஆவர். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டமையே டிரிட்டிரியின் தனித்தன்மை.

இம்முன்மாதிரியை எங்கும் அப்படியே பின்பற்றலாம் என்று கூறுவதற்கில்லை. பெருநகர் அருகில் இருந்தமை, படகுப் போக்குவரத்து அமைந்தமை, நிலம் அரசின் கையில் இருந்தமை, பல்கலைக்கழக ஆய்வு முன்னரே நடைபெற்றமை, எலியன்றி வேறு கொன்றுண்ணிப் பாலூட்டிகள் தீவில் நிலைபெறாதிருந்தமை ஆகியவை துணைநின்றன. உலக இயற்கை நிதியம் பொருளுதவி செய்தது. தன்னார்வம் என்பது இவ்வடித்தளத்தின்மேல் எழுந்தது. அவற்றை விடுத்துத் தன்னார்வத்தை மட்டும் போற்றுவது வரலாற்றைக் குறைத்துக் கூறுவதாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன பின்வருமாறு:

1. அழிவு நின்றவுடன் இயற்கை தானே மீளும் என்னும் எதிர்பார்ப்பு டிரிட்டிரியில் பொய்த்தது. மேய்ச்சல் நின்றபின் கழிந்த ஆண்டுகள் புல்லையும் பெரணியையுமே வளர்த்தன.

2. ரெசல்யூஷன் தீவில் தனியொருவரின் உழைப்பும், ஹவுட்டூருவில் மக்களை வெளியேற்றிய அரசின் ஆணையும் காப்பகத்தின் அடித்தளமாயின. டிரிட்டிரியில் பலர் கூடிச் செய்த பணி அவ்விடத்தைப் பெற்றது. காப்பதற்காக மக்களை விலக்குதல் என்னும் மரபுக்கு இஃது ஒரு மாற்று.

3. 'மீட்பு' என்னும் சொல் பழையது மீண்டும் வந்ததாக எண்ணச் செய்யும். இத்தீவில் உள்ளதோ, எஞ்சிய விதைகளிலிருந்தும் வேறு தீவுகளிலிருந்து வந்த பறவைகளிலிருந்தும் புதிதாக ஆக்கப்பட்ட நிலம். கூட்டுப்பெட்டியும் சர்க்கரை நீரும் காலணிச் சோதனையும் அதன் இன்றியமையாத பகுதிகள்.

4. நடுகைக்குப் பத்தாண்டுகள் போதுமானவையாக இருந்தன. பேணுதலுக்கு எல்லை இல்லை. நட்ட தலைமுறை முதுமை எய்தும்போது அப்பணியை ஏற்க அடுத்த தலைமுறை முன்வருமா என்பதே இத்தீவின் எதிர்காலத்தை முடிவு செய்யும்.

நிலத்தின் கருப்பொருள்களுள் புள்ளும் மரமும் இருப்பது போலத் தொழிலும் உண்டு என்று கொண்ட மரபில் வந்தோர்க்கு இவ்வரலாறு அயலானதாகத் தோன்றாது. டிரிட்டிரியில் இழந்த புள்ளும் மரமும் திரும்பியபோது, புதிய தொழில் ஒன்றும் அவற்றோடு சேர்ந்து வந்தது. பேணுதல் என்பது அத்தொழிலின் பெயர். அது நிற்கும் நாளில் எஞ்சிய இரண்டும் நில்லா என்பதை அத்தீவு உணர்த்துகின்றது.